பட்டுச் சேலையோடு ஒரு விண்ணப்பம்

சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை ஒன்று இன்னும் என் கண்ணில் நிற்கிறது. முழங்கையில் விழுந்த ஓட்டையை நீல நூலால் தைத்திருந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரில் ஒரு குடும்ப அறக்கட்டளையின் வரவேற்பறையில் ஒரு மூதாட்டி இருந்தார். என்னைப் போல வேலை கேட்டு வந்தவராக்கும் என்று நினைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே இருப்பவர்கள் எப்படிப்பட்ட ஆட்கள் என்று விசாரித்தேன். "கொஞ்சம் பேச்சு அதிகம், மற்றபடி பரவாயில்லை" என்றார். பத்து நிமிடம் கழித்து அவர்தான் என்னை உள்ளே அழைத்துப்போய் நேர்முகத்தை நடத்தினார். அறக்கட்டளையின் தலைவியே அவர்தான்.

யூரோ வந்து சில வருடங்களாகியிருந்த காலம் அது. தலைவியின் தகப்பனார் ரூர் பகுதி நிலக்கரிச் சுரங்கங்களுக்கு இரும்புச் சாமான் செய்து விற்றுப் பெரிய பணக்காரர் ஆனவர். தொழிற்சாலை தலைவியின் தம்பி கையில் இருந்தது. தலைவி தன் பங்கு முழுவதையும் அறக்கட்டளைக்கு எழுதிவைத்துவிட்டு, ஆசிரியையாக இருந்ததற்குக் கிடைத்த ஓய்வூதியத்தில் வாழ்ந்தார். அகதிகளின் உரிமைக்காக நிற்பவர்கள், அடிபட்ட பெண்களுக்குப் புகலிடம் நடத்துபவர்கள், தொழிலாளர்களைச் சேர்த்துச் சங்கம் கட்டுபவர்கள் என்று மற்றவர்கள் கதவைத் திறக்கத் தயங்கும் ஆட்களுக்கெல்லாம் அங்கே பணம் போனது. நல்ல மனுசி. ஆனால் எனக்கு அவரோடு ஒத்துப்போக நெடுநாள் பிடித்தது. அலுவலகத்தில் எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், பெரியவர் சின்னவர் பேதம் கூடாது என்பது அவருடைய சட்டம். யாழ்ப்பாணத்தில் பிறந்து எட்டு வயதில் இங்கே வந்த எனக்கு, அம்மாவைவிட மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. அங்கே வேலை செய்த காலம் முழுக்க அவரை நான் எதுவுமே சொல்லிக் கூப்பிடவில்லை. முன்னால் போய் நின்று தொண்டையைச் செருமுவேன். அவ்வளவுதான்.

அந்த அறக்கட்டளைக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்த விண்ணப்பத்தையும் தாளை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. தலைவியும் தம்பியும் நேரில் போக வேண்டும், அந்த ஆட்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும், பிறகு இருவரும் ஒரே குரலில் ஓம் சொல்ல வேண்டும். ஒருவர் மாட்டேன் என்றால் அதோடு சரி. தகப்பனார் வைத்த விதி. கேட்க அழகாகத்தான் இருந்தது. பார்க்கப்படுகிறவர்களின் பக்கம் நின்று ஒருநாள் பார்க்க நேரும்வரை நானும் அதை மெச்சிக்கொண்டுதான் இருந்தேன்.

பக்கத்து நகரமான கெல்சென்கிர்ச்சனில் துப்புரவு வேலை செய்யும் பெண்களின் குழுவொன்று விண்ணப்பித்திருந்தது. அதை நடத்தியவர் மன்னாரிலிருந்து வந்த ஓர் அக்கா. ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் அலுவலகக் கட்டடங்கள் கூட்டித் துடைக்கும் வேலை. துடைக்க வேண்டிய மாடிகளின் எண்ணிக்கையை நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போன ஒப்பந்தக்காரர் நேரத்தைக் கூட்டவில்லை. மிஞ்சிய வேலையைச் சம்பளமில்லாமல்தான் செய்து முடிக்க வேண்டியிருந்தது. அக்கா மறுத்தார், வேலையை விட்டு நிறுத்தினார்கள், அவர் வழக்குப் போட்டார். கூட வேலை செய்த பெண்கள் சாட்சி சொல்லக் கையெழுத்தும் வைத்துவிட்டார்கள். வழக்கறிஞர் ஒருவர் பாதிவரை கொண்டுவந்து, இனிப் பணம் வந்தால்தான் மேலே நடத்த முடியும் என்றிருந்தார். அறக்கட்டளை கைவிட்டால் அக்காவின் வழக்கு மட்டும் போகாது, கையெழுத்து வைத்த பெண்களின் வேலையும் போகும். இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

போவதற்கு முந்தின நாள் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "அக்கா, சும்மா வழமையா இருக்கிற மாதிரி இருங்கோ. ஒண்டும் பெரிசா செய்ய வேண்டாம்" என்றேன்.

"ஓம் ஓம், ஒண்டும் செய்யேல்லை, நீர் யோசிக்காமல் வாரும்" என்றார். அந்த ஓமை நான் நம்பியிருக்கவே கூடாது. எங்கள் ஆட்கள் வீட்டுக்கு ஆள் வரும்போது ஒன்றும் செய்ய மாட்டோம் என்று சொன்னால், அடுப்பில் ஏற்கெனவே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த மண்டபத்தின் கதவைத் திறந்ததும் எனக்குப் பக்கென்றது. அத்தனை பெண்களும் பட்டுச் சேலை. காதில் கழுத்தில் கையில் நகை. வேலை நேரத்தில் சீருடைக்குள் ஊசி குத்தி மறைத்துவைக்கும் தாலிக்கொடிகள் அன்று சேலைக்கு மேலே கனமாகக் கிடந்தன. மேசையில் ரோல்ஸ், பற்றிஸ், கட்லட், வடை, கேசரி, போதாததற்கு மூன்றடுக்குக் கேக். தம்பியார் ஒவ்வொன்றிலும் இரண்டு எடுத்தார். சாப்பிட்டுக்கொண்டே ஒவ்வொரு கழுத்தாகப் பார்த்தார். தலைவியோ அதே கம்பளிச் சட்டையோடு நடுவில் இருந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா என்னை ஒரு பக்கம் இழுத்து, "பாவம் தங்கச்சி, மனுசிக்கு நல்ல உடுப்பில்லைப் போல. தம்பிக்காரன் வடிவாத்தானே உடுத்திருக்கிறான், தமக்கையை ஒழுங்காப் பாக்கிறேல்லையோ?" என்று கேட்டார். புறப்படும்போது தலைவியின் கையில் மட்டும் ஒரு பெரிய சாப்பாட்டுப் பொதியைத் திணித்தார். தலைவி அதை மரியாதை என்று நினைத்து நன்றி சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, தம்பியார் பார்த்த பார்வையை நினைத்துப் பயமும் வந்தது.

அடுத்த வாரக் கூட்டத்தில் தம்பியார் நேராகவே சொன்னார். "எங்கள் குடும்பத்தில் ஒருவரும் இவ்வளவு தங்கம் போட்டு நான் கண்டதில்லை. இல்லாதவர்களுக்கு உதவத்தானே அப்பா இதைத் தொடங்கினார்?"

தலைவி என்னைப் பார்த்தார், விளக்கச் சொல்லி. விளக்கினேன். ஊரைவிட்டு ஓடிவந்தபோது கையோடு வந்தது அந்த நகை ஒன்றுதான் என்றேன். பாதி நகை ஒருவரிடம் ஒருவர் வாங்கிப் போட்டது, மீதி அடிக்கடி அடகுக்குப் போய் வருவது என்றேன். வருகிறவர்களை மதித்துத்தான் உடுத்தினார்கள் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே எரிச்சல் ஏறியது. இந்தப் பெண்களின் கழுத்துக்கு நான் ஏன் இங்கே நின்று நியாயம் சொல்ல வேண்டும்? நன்றாக உடுத்துவது குற்றமா? கேட்டிருந்தால் என் வேலை போயிருக்காது. ஆனாலும் கேட்கவில்லை, விளக்கிக்கொண்டேதான் இருந்தேன். தம்பியார் கடைசியில் இறங்கிவந்தார். வேலை உடுப்பில், வேலைத்தளத்தில் எடுத்த படங்கள் வந்தால் யோசிக்கலாம் என்றார். அதில் என்ன பிழை, கேட்டுப் பார் என்று தலைவியும் சொன்னார். எப்படியாவது அந்தப் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு.

அக்காவிடம் தொலைபேசியில் அதைச் சொன்னேன். "ஏலாது தங்கச்சி" என்றார். "நாங்கள் குனிஞ்சு துடைக்கிறதைப் பாத்தாத்தான் நம்புவினமோ? படம் எடுத்து அனுப்ப ஏலாது. பாக்க வேணுமெண்டா விடியக் காலமை எங்களோட வேலைக்கு வரட்டும், ஆளுக்கொரு வாளி தாறன்."

அதை ஒரு சொல்லும் குறைக்காமல் ஜெர்மன் மொழியில் தலைவியிடம் சொன்னேன். வேண்டுமென்றேதான். அவர் முகம் சிவந்துபோயிற்று. தம்பிக்கு அதே இடத்தில் தொலைபேசி எடுத்தார். அடுத்த அறைக்குக் கேட்கச் சண்டை பிடித்தார். படம் கேட்டது வெட்கக்கேடு, அதற்குத் தானும் தலையாட்டியது அதைவிட வெட்கக்கேடு என்றார். தம்பியார் அசையவில்லை. ஒரு குரல் இல்லை என்றால் இல்லைதான். அறக்கட்டளையிலிருந்து ஒரு சதம்கூட கெல்சென்கிர்ச்சனுக்குப் போகவில்லை.

பணம் வேறு வழியில் போனது. வழக்கறிஞருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று இரண்டு வாரம் கழித்து அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். தலைவியிடம் போய்த் தொண்டையைச் செருமினேன். தாயார் விட்டுப்போன முத்துமாலையும் மோதிரமும் தன்னிடம் இருந்ததாகவும், அவற்றை விற்றுப் பணத்தை வழக்கறிஞருக்கு அனுப்பிவிட்டதாகவும், காலநிலையைச் சொல்வது போலச் சொன்னார். "நான் எங்கே அதைப் போடப்போகிறேன்? பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது."

அக்காவிடம் அதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். சொன்னேன். அவர் பெருமைப்படுவார் என்று நினைத்தேன். அவர் பதறிப்போனார். "தாயின்ர நகையையோ? வித்துப்போட்டாவோ? அடகெண்டாலும் மீட்டுக் குடுக்கலாமே! எந்தக் கடையெண்டு கேட்டுச் சொல்லும் தங்கச்சி, நாங்கள் சேர்த்து வாங்கிக் குடுப்பம்." அவருக்கு வேலை போயிருந்தது, வழக்கு முடியவில்லை, அந்த நிலையில்தான் இப்படிச் சொன்னார். தலைவிக்குப் பெரிய வீடிருக்கிறது, பெரிய குடும்பம், அந்த மாலை போனதில் அவருக்கு ஒன்றும் குறையவில்லை என்று நான் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இருக்கிறவைக்கும் தாய் ஒருத்திதான். நீர் அப்பிடிக் கதைக்காதையும்."

வழக்கு சமரசத்தில் முடிந்தது. அக்காவுக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை, செய்த வேலைக்கான சம்பளம் கிடைத்தது. சாட்சி சொன்ன பெண்களை ஒப்பந்தக்காரர் தொட முடியவில்லை. தலைவி இப்போது உயிரோடு இல்லை. அந்த மாலையை விற்றது அவருக்கு வலித்ததா இல்லையா என்று நான் கேட்கவே இல்லை. கேட்டால் எந்தப் பதில் எனக்குப் பிடித்திருக்கும் என்பதும் தெரியவில்லை. வலிக்கவில்லை என்றால் அது என்ன தானம் என்று தோன்றும். வலித்தது என்றால், அவரை அப்படி விற்கவைத்த அந்த ஒரே குரல் விதியோடு நான் ஏன் அத்தனை வருடம் ஒத்துப்போனேன் என்று தோன்றும். இரண்டிலும் எனக்கு நிம்மதி இல்லை.

இப்போது நான் வேறொரு அறக்கட்டளையில் இருக்கிறேன். நேரில் போய்ப் பார்க்கும் வேலை என்னுடையது. முடிவு செய்யும் மேசையில் என் குரலும் ஒன்று. போவதற்கு முந்தின நாள் தொலைபேசி எடுப்பேன். சிரியாக்காரர், எரித்திரியாக்காரர், எங்கள் ஆட்கள், யாராக இருந்தாலும் கடைசியில் கொஞ்சம் தயங்கிவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். போன மாதம் ஒரு பெண் தமிழிலேயே கேட்டாள்: "அக்கா, நாளைக்கு நாங்கள் என்னத்தை உடுக்கிறது?"

"உங்களுக்கு எது விருப்பமோ அதை உடுங்கோ" என்றேன்.

"அது சரி அக்கா" என்றாள் அவள். "எது உடுத்தால் தருவினம்?"