எழுபத்தெட்டும் எண்பத்தேழும்

கடன் வசூல் அலுவலகத்தில் அவளுக்குக் கிளி என்று பெயர். மூக்கைப் பார்த்து வைத்ததல்ல. எழுதிக் கொடுத்ததை நாளுக்கு நூறு தடவை பிசகாமல் ஒப்பிப்பாள், அதற்காக வைத்தது. கணக்கில் இரண்டு முறை கோட்டைவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கே ஒரு கும்பிடு போட்டவள். அப்புறம் செருப்புக் கடையில் ஊரார் காலைப் பிடித்து ஆறு வருடம் ஓட்டினாள். இங்கே வந்தபிறகு காலைப் பிடிப்பதெல்லாம் எதிர்முனைக்காரர்கள்தான்.

அவளுடைய கெட்டிக்காரத்தனம் வேகம். கடன்காரர் தன் பன்னிரண்டு இலக்க அடையாள எண்ணைப் போனில் சொல்லும்போது ஒவ்வொரு இலக்கமாகக் கேட்டுத் தட்ட வேண்டும் என்பது விதி. கிளி இரண்டிரண்டாகக் கேட்பாள். பன்னிரண்டு ஆறாகிவிடும். எண்ணைத் தட்டினால் முகவரியும் போன் நம்பரும் திரையில் தானாக வந்து உட்காரும். பாக்கி நேரே அந்த எண்ணுக்குரியவரின் கிரெடிட் ரிப்போர்ட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். மாதக் கடைசியில் ஊக்கத்தொகைப் பட்டியலின் உச்சியில் கிளி.

ஏழு மாதமாக அவள் கையில் ஒரு கண்ணாடிக் கடைக்காரர் சிக்கியிருந்தார். லாரிக் கடன், கட்டவில்லை.

“அது நான் இல்லம்மா. எனக்கு சைக்கிளே நேரா ஓடாது, லாரிக்கு நான் எங்க போவேன்?”

“எல்லாரும் இதையேதான் சார் சொல்றாங்க. உங்க பேரு, உங்க நம்பர். அப்புறம் யாரு, உங்க பக்கத்து வீட்டுக்காரரா?”

சாப்பாட்டு வேளையில் அவர் தொண்டையை அப்படியே வரவழைத்து, “அது நான் இல்லம்மா” என்று நடித்துக் காட்டுவாள். எல்லோருக்கும் புரையேறும்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவரே வந்துவிட்டார். முன்மேசைப் பெண் விடுப்பு என்பதால் அங்கே உட்கார்ந்திருந்தது கிளி. அவர் விரல்களில் மூன்று பிளாஸ்திரி, கையில் சுருட்டிய ரிப்போர்ட். வாயைத் திறந்ததும் அவளுக்கு ஆள் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரியவில்லை. அவள் வாயே திறக்கவில்லையே.

“என் வீட்டுக்காரிக்கு முட்டில ஆபரேஷன் ஆயிருக்கும்மா. நாங்க இருக்கிறது நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கீழ்வீடு ஒண்ணு கிடைச்சுது. இந்த ரிப்போர்ட்டப் பாத்துட்டு வீட்டு ஓனர் மாட்டேன்னுட்டார். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பாராம். என் நம்பர ஒரு தடவ சரி பாருங்களேன்.”

அவர் ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார், ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே மூச்சு விட்டு. “எங்க வேலைல அப்படித்தாம்மா. அளவ சேத்துச் சொன்னா தப்பா வெட்டிருவோம். வெட்டின கண்ணாடிய ஒட்ட முடியாது.”

எண் திரையில் இருந்ததோடு அச்சாகப் பொருந்தியது. அதுதான் கிளியை இடித்தது. இவ்வளவு பொறுமையாகத் தன் எண்ணைச் சொல்கிற மனிதன் எதற்காகப் பொய் சொல்ல வேண்டும்?

அவரை அனுப்பிவிட்டுப் பழைய ஒலிப்பதிவைத் தோண்டினாள். லாரிக் கடனை நிஜமாக வாங்கியவர் ஏழு மாதத்துக்கு முன் ஒரே ஒரு முறை பேசியிருந்தார். அதன்பிறகு போனை அணைத்துவிட்டு ஆள் மாயம். அந்தக் குரல் அவசரமாக எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தது. கடைசி இரண்டு: எழுபத்தெட்டு. கிளி தட்டியிருந்தது எண்பத்தேழு. ஏழும் எட்டும் காதுக்குள் இடம் மாறி உட்கார்ந்துவிட்டன. இரண்டு பேருக்கும் ஒரே பெயர், ஒரே பிறந்த வருடம். கணினியும் சரி என்று தலையாட்டிவிட்டது.

மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் எழுபத்தெட்டுதான். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள், மூடினாள். ஒலிப்பதிவோடு சூப்பர்வைசர் அறைக்குப் போனாள்.

சூப்பர்வைசர் அவளைவிடப் பத்து வயது சின்னவன். கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினான்.

“அக்கா, ‘கணினிப் பொருத்தக் கோளாறு’ன்னு போட்டுடலாம். விசாரணை நடந்து நாப்பத்தஞ்சு நாள்ல தானா சரியாயிடும். யார் தலையும் உருளாது.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள ஆகணும்ப்பா.”

“அப்போ ‘ஊழியர் பிழை’ன்னு உங்க ஊழியர் நம்பரப் போட்டுக் கையெழுத்து வைக்கணும். இன்னிக்கே மாறும். ஆனா ஒரு வருஷத்துக்கு ஊக்கத்தொகை கிடையாது. புதுசா வந்த பசங்களோட பயிற்சி மேசைல உக்காரணும். நல்லா யோசிச்சுக்கோங்க.”

யோசித்தாள். அந்தப் பணத்தை நம்பி வீட்டில் ஃப்ரிட்ஜ் தவணை ஓடுகிறது. யோசித்தபடியே கையெழுத்தும் போட்டுவிட்டாள். அவள் பயந்தது அதற்கடுத்த வேலைக்கு.

மாலையில் போன் செய்தாள். “சார், உங்க ரிப்போர்ட் சுத்தமாயிடுச்சு. தப்பு எங்களோடது. எங்களோடதுன்னு என்ன, என்னோடது. நான்தான் மாத்தித் தட்டினது.”

“இந்தக் குரல்... ஏழு மாசமா பேசினது?”

“நானேதான் சார்.”

அவர் திட்டியிருக்கலாம். திட்டுக்குப் பதில் சொல்ல அவளுக்கு நாற்பது வாக்கியம் மனப்பாடம். அவர் திட்டவில்லை.

“புது ரிப்போர்ட்டக் காட்டினா வீட்டு ஓனர் சாவி குடுத்துருவார், அது சரி. நீங்க எனக்கு ஒண்ணு பண்ணுங்க. நான் எவளுக்கோ லாரி வாங்கிக் குடுத்துட்டேன்னு என் பொண்டாட்டி நெனச்சிட்டிருக்கா. நான் சொன்னா நம்ப மாட்டேங்குறா. இருங்க, அவகிட்ட குடுக்கிறேன்.”

கிளி மறுபடி முதலிலிருந்து சொன்னாள். ஒப்பித்துப் பழகிய வாய் இரண்டு இடத்தில் திக்கியது.

அந்தம்மா முழுசாகக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“ஏழு மாசமா அந்த மனுசன வெளிரூம்ல படுக்க விட்டிருக்கேன்மா. சோத்தக்கூட நங்குனு வெப்பேன்.”

“தப்பு என்னோடதும்மா.”

“உன்னோடதுதான். இல்லேங்கல. இரு, வெச்சிராத. அவர்கிட்ட நான் இப்ப என்னன்னு சொல்லி ஆரம்பிக்கிறது?”

“தெரியலம்மா,” என்றாள் கிளி. “நானே இன்னிக்குத்தான் பழகிட்டிருக்கேன்.”