கடைமடை பெஞ்சு

கலைமகள் டீச்சரை எனக்குப் பிடிக்கும். அவருடைய கணக்கு வகுப்பை அறவே பிடிக்காது. நன்னிலம் பக்கத்து நடுநிலைப் பள்ளியில் எங்கள் இரண்டு வகுப்புக்கும் நடுவே ஒரு பாதிச் சுவர்தான். இந்தப் பக்கம் நான் வரலாறு நடத்துவேன். அந்தப் பக்கத்துச் சிரிப்பு வந்து என் பேரரசர்களைக் கவிழ்த்துவிடும்.

எல்லாம் ஒரு வழக்கத்தால். டீச்சர் வீட்டு வயல் வாய்க்காலின் கடைசியில், கடைமடையில் இருக்கிறது. மேட்டூர் திறந்து ஊரெல்லாம் நட்டு முடித்த பிறகுதான் அங்கே தண்ணீர் எட்டிப் பார்க்கும். அந்தக் கோபத்தை அவர் வகுப்பில் தீர்த்துக்கொண்டார். கடைசி பெஞ்சுக்குக் கடைமடை என்று பெயர் வைத்தார். பாடம் அங்கே போய்ச் சேராமல் அடுத்த கணக்கு கிடையாது. அந்த பெஞ்சில் இருப்பவர் தன் வாயால் விளக்க வேண்டும். தடுமாறினால் பக்கத்தில் இருப்பவர் கைகொடுக்கலாம். விளங்கியதும் "கடைமடைக்கு வந்துடுச்சு டீச்சர்" என்று சொல்ல வேண்டும்.

கடைசி பெஞ்சு வானதி மட்டும் அதைச் சொன்னதே இல்லை. தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். "அந்தப் பொண்ணு வாயத் திறந்துட்டா போதும் சார், எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்று டீச்சர் என்னிடம் புலம்புவார்.

ஒருநாள் ஆய்வுக்கு இளையபெருமாள் என்ற அதிகாரி வந்தார். அதிகாரிகள் வழக்கப்படி நேராகப் போய்க் கடைசி பெஞ்சில், வானதி பக்கத்தில் உட்கார்ந்தார். பிள்ளைகளுக்குச் சட்டம் சட்டம்தான். மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா என்ற கேள்வி பெஞ்சு பெஞ்சாகப் பாய்ந்து அவரிடம் போய் நின்றது. வகுப்பே திரும்பிப் பார்த்தது.

"மூணுல ஒண்ணு. மீச்சிறு பொது மடங்கு எடுத்தா வந்துடும்" என்றார் கம்பீரமாக.

"புரியல சார்" என்றது வகுப்பு.

மறுபடி சொன்னார். மறுபடியும் புரியவில்லை. அவருக்கு வியர்த்துவிட்டது. மணியடித்தும் ஒரு பிள்ளைகூட எழவில்லை. டீச்சர் பரிதாபமாகச் சுவருக்கு மேலே என்னைப் பார்த்தார். நான் வீரமாக மேப்பைப் பார்த்தேன்.

அப்போது வானதி வாயைத் திறந்தாள். "சார், ஒரு வாய்க்கால் தண்ணிய மூணு வயலுக்குப் பிரிச்சா நம்ம வயலுக்கு நிறைய வருமா, நாலு வயலுக்குப் பிரிச்சாவா?"

"எங்க வயலுக்கு எப்படிப் பிரிச்சாலும் வராதும்மா. நாங்களும் கடைமடைதான்" என்றார் அதிகாரி.

"வரும்னு வெச்சுக்கங்க சார்."

"வந்தா, மூணுக்குப் பிரிச்சாத்தான் ஜாஸ்தி. பங்குக்கு ஆள் கம்மி."

வானதி எழுந்து நின்றாள். "கடைமடைக்கு வந்துடுச்சு டீச்சர். சாருக்கு அடுத்த கணக்கு மட்டும் கொஞ்சம் ஈஸியா குடுங்க."

டீச்சர் அடுத்த கணக்கைப் போடவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுவருக்கு இந்தப் பக்கம் நானும் மேப்பைப் பார்த்தேன், இந்த முறை வீரமாக இல்லை.

அன்றிலிருந்து வானதி பேச்சை நிறுத்தவே இல்லை. என் பேரரசர்கள் பாடுதான் திண்டாட்டம்.