அவார்களுக்கு நான் எழுதிக்கொடுத்த காணி

வரைபடத்தில் ஓர் இடம் வெள்ளையாகக் கிடந்தால் அது வரைந்தவனின் சோம்பல் என்று இருபது வருடம் நம்பியிருந்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் சிரிக்கலாம். நான் காணிப் படம் கீறிப் பழகியவன். வட்டைக்குள் இரண்டு வயல்துண்டுகளுக்கு நடுவே ஒரு முழம் இடைவெளி விட்டால், அண்ணனும் தம்பியும் வழக்குக்குப் போவார்கள்.

வந்தாறுமூலையில் வரலாறு படிப்பிக்கும் மிஸ் ஒருவர், தான் தமிழில் எழுதிய பாடப்புத்தகத்துக்குப் பன்னிரண்டு படங்கள் கேட்டார். முதலாவது, ஏழாம் நூற்றாண்டில் ஸ்லாவ் மக்களும் அயலவரும். அது சரிவந்தால்தான் மிச்சம் பதினொன்றும் எனக்கு. டிரேசிங் தாளில் நிறப் பென்சிலால் தேய்த்துத் தந்திருந்தார்: ஸ்லாவ் மக்கள் பச்சை, அவார்கள் என்ற நாடோடிக் கூட்டம் சிவப்பு, மேற்கே பிராங்குகள், தெற்கே பைசாந்தியம். ஓரமெல்லாம் மங்கல். டன்யூப் ஆற்றுச் சமவெளியில் பச்சையும் சிவப்பும் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. பாவம், மிஸ்ஸுக்குக் கீற வராது என்று நினைத்துக்கொண்டேன்.

கணினியில் ஏற்றி 'டொபாலஜி செக்' கொடுத்தேன். இடைவெளி எங்கே, ஒன்றின்மேல் ஒன்று விழுந்தது எங்கே என்று மென்பொருளே தேடிப் புள்ளி வைக்கும். ஐந்து புள்ளிகள். ஐந்தையும் நானே தீர்த்துவைத்தேன். சமவெளி முழுவதும் அவார்களுக்கு; குதிரை வைத்திருந்தவர்களாம், அவர்களோடு ஏன் சண்டை. ஓடர் ஆற்றுப் பக்கம் சும்மா கிடந்த வெள்ளையும் அவர்களுக்கே. 'பிழை இல்லை' என்று வந்ததும், மிஸ்ஸுக்கும் அச்சகத்துக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பினேன். அவ்வளவு கெட்டித்தனம்.

அடுத்த நாள் காலை, தன்னாமுனை வீட்டில் பல் தீட்டிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

"அண்ணன், அவார்களுக்கு இவ்வளவு காணியும் எழுதிக் குடுத்தது ஆரு?"

"மிஸ், அங்க வெறுமையாக் கிடந்திச்சு..."

"வெறுமை இல்ல. அங்க ஆர் இருந்தாங்கெண்டு சொல்ல ஆதாரம் காணாது. பென்சில் மங்கின இடத்தில எங்கட அறிவும் மங்குது. இதப் பாத்துப் பிள்ளைகள் சோதனையில எழுதினா நான் என்ன சொல்ற?"

அச்சகத்துக்குப் போன் எடுத்தேன், ஆரும் தூக்கவில்லை. ஐரோப்பாவில் காணி பிடித்துக்கொடுத்த முதல் மட்டக்களப்பான் என்று என் பெயர் ஆயிரம் பிரதிகளில் வரப்போகிறது. உடுத்திருந்த சாரத்தோடு மோட்டார் சைக்கிளில் ஏறினேன். புளியந்தீவுப் பாலத்தில்தான் பிரஷ் இன்னும் வாயில் இருப்பது தெரிந்தது.

அச்சக முதலாளி ஆறுதலாகப் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். "அச்சுக்குப் பிளேட் இன்னும் அடிக்கல்ல. ரெண்டு மணிக்குள்ள புதுசத் தாங்க. முதல்ல போய் வாயக் கழுவுங்க."

எங்கள் அலுவலகத்தில் எழுத்துப் பிழை பார்க்கும் ஏறாவூர் பர்ஸானாவிடம் போய்ப் புலம்பினேன். "ஒரே இடத்தில ரெண்டு சனத்த எப்பிடிப் பிள்ள காட்டுற? கோடு எங்க போடுற?"

"எங்கட ஊர்ச் சந்தைக்குள்ள நிண்டு, ஆர் எந்த ஊரெண்டு கோடு போட்டுக் காட்டுங்க பாப்பம். மறுகா டன்யூபுக்குப் போவம்."

வேலையில் இறங்கினேன். சமவெளிக்குப் பச்சையும் சிவப்புமாகச் சாய்கோடுகள். ஓரங்களை மங்கவிட்டேன். ஓடர்ப் பக்கத்தை வெள்ளையாகவே விட்டு, குறிவிளக்கத்தில் 'போதிய ஆதாரம் இல்லை' என்று சேர்த்தேன். மறுபடி செக் கொடுத்தபோது ஐந்து புள்ளிகளும் திரும்பி வந்தன. தீர்த்துவைக்கச் சொல்லிக் கை துடித்தது. ஒன்றரை மணிக்கு அப்படியே அனுப்பினேன்.

மென்பொருள் அந்தப் படத்தில் இன்றைக்கும் ஐந்து பிழை காட்டுகிறது. புத்தகம் அந்த வெள்ளையோடுதான் அச்சாகி வந்தது. மிச்சப் பதினொரு படங்களையும் நான்தான் வரைந்தேன்.