நீல டிரம்மில் வெண்டை

ஒரு நீல டிரம்மை ஒரு வீட்டிலிருந்து கிளப்பிவிட நான் ஒரு பள்ளிக்கூட வருடத்தையே செலவழித்தேன். கிளப்பியும் விட்டேன். அந்த வயிற்றெரிச்சலைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் பள்ளிக்கூடம் ஆம்பூருக்கு வெளியே, தோல் பதனிடும் தொழிற்சாலைகளை ஒட்டிய தெருவில் இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தோட்டம் போடக் கற்றுக்கொடுங்கள் என்று ஒரு பெட்டி வந்தது. விதைப் பொட்டலங்கள், விளையாட்டுச் சாமான் மாதிரி மண்வெட்டிகள், செடி வளர்க்கும் பைகள் கொஞ்சம், வண்ணப்படம் போட்ட கையேடு ஒன்று. கையேட்டை எழுதிய புண்ணியவான் எங்கள் ஊர்ப்பக்கம் ரயிலில்கூடப் போனதில்லை போலிருக்கிறது. ஈர மண்ணின் வாசனையைக் குழந்தைகள் முகர்ந்து மகிழ வேண்டுமாம். எங்கள் ஊரில் மழை பெய்தால் கிளம்புகிற வாசனைக்குப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வகுப்புக்குள் ஓடிவரும். பைகள் போதாவிட்டால் வீட்டிலிருக்கும் வாளி, டிரம் எதையாவது வெட்டிப் பயன்படுத்தலாம் என்றும் போட்டிருந்தது. பைகள் போதவில்லை. அந்தப் பக்கத்தை நான் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன்.

எங்கள் பக்கம் டிரம் இல்லாத வீடு கிடையாது. தொழிற்சாலைக்கு ரசாயனம் நிரம்பி வருகிற நீலப் பிளாஸ்டிக் டிரம்கள் காலியானதும் பழைய சாமான் கடைக்கு வந்துவிடும். அங்கிருந்து வீட்டுக்கு. சோப்புத்தூள் போட்டு நாலு அலசு அலசினால் அது தண்ணீர் டிரம். குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று தெரியாத தெருவில் அது இல்லாமல் குடித்தனம் நடத்த முடியாது. குடிக்க மட்டும் கேன் தண்ணீர் வாங்குவார்கள். உலை வைக்கவும் குளிக்கவும் டிரம் தண்ணீர்தான்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். வாய் ஓயாது. அவளுடைய அம்மா ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை செய்கிறவர். அவர் வீட்டிலிருந்த இரண்டு டிரம்களில் ஒன்றைப் பாதியாக வெட்டி, கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்ற பதற்றத்தோடு மகளும் தானுமாகத் தூக்கிவந்து மைதானத்தில் வைத்தார். "எம் பொண்ணு வெண்டிக்கா போடப்போவுது டீச்சர்" என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பைகளில் போட்ட வெண்டை கிடுகிடுவென்று வந்தது. அவளும் இன்னும் சிலரும் கொண்டுவந்த டிரம்களில் போட்டது முளைத்தது, இரண்டு இலை விட்டது, ஓரமெல்லாம் கருகிச் சாய்ந்தது. அந்தப் பெண் பிடுங்கிவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் அதே கதி. செடி ஏன் வாடுகிறது என்று கையேட்டில் ஒரு பக்கம் இருந்தது. தண்ணீர் கம்மி, தண்ணீர் ஜாஸ்தி, வெயில், பூச்சி. அவள் ஒவ்வொன்றாகச் சரி பார்த்துவிட்டு என்னிடம் வந்து நின்றாள்.

"மண்ணு அதே மண்ணு டீச்சர், தண்ணியும் அதே தண்ணி. டிரம்மு மட்டுந்தான் வேற."

மண்ணைக் கொட்டிவிட்டு டிரம்மைப் புரட்டினோம். பக்கவாட்டில் சுரண்டி எடுத்த ஸ்டிக்கரின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது இன்னா டீச்சர், மண்டை ஓடு?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே சொன்னாள்: "வீட்ல தண்ணி புடிக்கிறதும் இதே மாதிரிதான். ரெண்டும் ஜோடியா வாங்குனது."

பெற்றோர் கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன். எருவு பத்தலையோ என்னவோ டீச்சர் என்று சிரித்தார்கள். கேட்டுக்கொண்டது அந்தப் பெண் ஒருத்திதான். வீட்டில் சோறு தின்பதை நிறுத்திவிட்டாள். மதியம் பள்ளிச் சத்துணவு, ராத்திரி கேன் தண்ணீரும் பன்னும். கன்னம் ஒட்டிப்போயிற்று. அவளுடைய அம்மா ஒருநாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார்.

"நான் ஆக்குறதத் துன்ன மாட்டேங்குது டீச்சர். உலைத் தண்ணியில விஷங்குது. பெத்த தாயி நான் விஷம் வெப்பனா? செடி வளக்கக் கத்துக்குடுங்கன்னா, இன்னா பேஜாரு இது?"

"அந்த டிரம்மத் தூக்கிப் போட்டுடுங்கம்மா" என்றேன்.

"போட்டுட்டு? தண்ணிய முந்தானையில புடிச்சி வெக்கிறதா?"

நியாயமான கேள்வி. அந்த வாரமே வெள்ளை டிரம் ஒன்றைப் புதிதாக வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கினேன். அந்த அம்மாவுக்குக் கூச்சம். எதுக்கு டீச்சர், எதுக்கு டீச்சர் என்று சொல்லிக்கொண்டே கழுவி வைத்தார். அன்று ராத்திரி மகள் சாப்பிட்டாளாம். காலையில் பள்ளிக்கூட வாசலிலேயே நின்று எனக்குச் சொன்னாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று வாய்விட்டே சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து அவள் அழுதுகொண்டே வந்தாள். என்ன கேட்டாலும் விக்கல்தான் வந்தது. கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பழைய டிரம்மை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"பக்கத்து வூட்டுக்குக் குடுத்துட்டேன் டீச்சர். பாவம், பச்சப்புள்ளக்காரி, தண்ணி புடிச்சி வெக்க ஒண்ணுமில்ல அவங்களுக்கு. நல்ல டிரம்மு, வீணாப் போவுமேன்னுதான்."

அவர் முகத்தில் ஒரு கபடமும் இல்லை. நல்லது செய்த திருப்திதான் இருந்தது.

பக்கத்து வீட்டு வாசலில் அந்தப் பச்சைப்பிள்ளைக்காரி கால் நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே நீல டிரம், விளிம்பு வரைக்கும் தண்ணீர். நான் சொன்னேன். தொழிற்சாலையையும் ஸ்டிக்கரையும் கருகிப்போன வெண்டையையும் எனக்குத் தெரிந்த மாதிரியெல்லாம் சொன்னேன். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சிரித்தாள்.

"செடிக்குத்தான டீச்சர் ஆவல?"

மக்கை முக்கி எடுத்துக் குழந்தையின் தலையில் ஊற்றினாள். வாய்க்குள் தண்ணீர் போய்விடாமல் உள்ளங்கையால் அணைபிடித்துத்தான் ஊற்றினாள். என் கையைப் பிடித்திருந்த பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.