ரெண்டு ரிங்

எங்க அக்கா, பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்த ஒரு சொல்தா, அதான் சிப்பாய், குடும்பத்துல வாக்கப்பட்டு பாரீசுக்குப் போனப்போ, நானும் அவளும் ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டோம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்கு வீட்டு போனுக்கு அடிப்பா. ரெண்டு ரிங்கோட நின்னுட்டா அவ சௌக்கியம், நான் எடுக்கக் கூடாது. மூணாவது ரிங் போச்சுன்னா கெட்ட சேதி, ஓடிப்போய் எடுக்கணும். அப்பல்லாம் வெளிநாட்டுக் கால்னா ஹலோ சொல்றதுக்குள்ள சம்பளம் கரைஞ்சிடும். "ரெண்டு ரிங் போதும், வீணா செலவு பண்ணாத"ன்னு சொன்னவளே நான்தான்.

இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. மூணாவது ரிங் ஒரே ஒரு தடவ வந்துது, அவ வீட்டுக்காரர் தவறிட்டாருன்னு. அந்த ரெண்டு ரிங்குக்காக ஞாயித்துக்கிழமையில நான் ஒரு கல்யாணம் காட்சிக்குப் போனதில்ல. பெரிய மார்க்கெட்டுல மீன் வாங்கி, கொழம்பு வெச்சு எறக்கிட்டு, போன் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்திடுவேன். தனிக்கட்ட நான், அத வெச்சுத்தான் எனக்கு ஒரு வாரம் ஓடும். மாடியில குடியிருக்கிற எங்க தம்பியும் அவன் பொண்டாட்டியும் கிண்டல் பண்ணுவாங்க. பண்ணட்டுமேன்னு விட்டுடுவேன்.

போன மழையில லைன் செத்துப் போச்சு. போன் ஆபீசுல, பழைய கேபிள இனிமே ரிப்பேர் பண்ண மாட்டோம், இன்டர்நெட் கனெக்ஷன்லயே போன் குடுக்கிறோம்னாங்க. நம்பர் மாறிடுமோன்னுதான் என் கவல. மாறாதுக்கான்னு தம்பி சத்தியம் பண்ணான். பச்ச லைட்டு மினுக்குற ஒரு டப்பாவ செவுத்துல மாட்டி, பழைய போனையே அதுல சொருவிட்டுப் போனாங்க. அந்த ஞாயிறு ரெண்டு ரிங் சரியா வந்துது. நல்லா இருடா தம்பின்னு மனசார வாழ்த்தினேன், பாவி மக.

அடுத்த ஞாயிறு ஒன்னேகாலுக்கு கரன்ட் போச்சு. டப்பாவுல லைட்டும் அணைஞ்சுது. ரிசீவர எடுத்தா உசுரே இல்ல. பழைய லைன் கரன்ட் போனாலும் அடிக்கும். இது கரன்ட் இல்லன்னா பொணம். அக்கா அடிச்சுப் பாத்துட்டுப் பதறிடுவாளே, தம்பி செல்லுலேருந்து சொல்லிடலாம்னு அவ நம்பர் எழுதின சீட்ட எடுத்துக்கிட்டு மூச்சு வாங்க மாடியேறினேன்.

கதவு தொறந்திருந்துது. உள்ள அக்கா சிரிக்கிற சத்தம். தம்பி செல்லுல அவ மூஞ்சி. தலையெல்லாம் நரைச்சிருந்துது, எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். தம்பி பொண்டாட்டி வறுத்த மீன அவளுக்குத் தூக்கிக் காட்டிக்கிட்டு இருந்தா. என்னைப் பாத்ததும் தட்ட டக்குன்னு எறக்கினா.

எத்தன நாளா நடக்குதுன்னு கேட்டேன். நாலு வருஷமா, வாரா வாரம் ஒரு மணிக்கு, காசே இல்லாமன்னு தம்பி முணுமுணுத்தான். பேசி முடிச்சுட்டு, மறக்காம எனக்கு ரெண்டு ரிங் அடிச்சுடுவாளாம். ஏன்டா சொல்லலன்னு கேட்டா, நீ போனப் பிடிச்சா விடமாட்ட, அழுவ, அக்காவால அது தாங்க முடியாதுன்னான். நம்ப வெச்சுக் கழுத்த அறுத்ததுக்கு இது ஒரு நியாயமா? கூடப் பொறந்ததுங்களே இப்பிடின்னா நான் யாருகிட்ட போய்ச் சொல்றது?

அக்கா ஸ்கிரீன்லேருந்து மெல்ல வாயத் தொறந்தா.

"ரெண்டு ரிங் போதும்னு நீதானடி சொன்ன."

சீட்ட அங்கயே போட்டுட்டு எறங்கி வந்துட்டேன்.

போன ஞாயிறு கரன்ட் இருந்துது. ஒன்றரைக்கு போன் அடிச்சுது. ரெண்டு. மூணு. நாலு. அடிச்சுக்கிட்டே இருந்துது. ஸ்டூல்ல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன், எடுக்கல. கெட்ட சேதிதான் எனக்கு முன்னாடியே வந்துடுச்சே.