சுபநேரமும் ஈரச் சீமெந்தும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், லண்டன் ஈஸ்ட் ஹாமில் நான் தனியாக எடுத்துச் செய்த முதல் வேலை அது. புதிதாகக் குடிபுகும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் வீட்டில், குளிர்காயச் சுவரில் கட்டியிருந்த பழைய ஃபயர்பிளேசுக்குள், விறகு எரிக்கும் இரும்பு அடுப்பொன்றைப் பொருத்த வேண்டும். மட்டம் பிசகாமல் பொருத்தி, புகைக்குழாய் மூட்டுகளைச் சீமெந்தால் பூசி முடித்தபோது எனக்கே என்மீது மதிப்பு வந்தது.

அப்போது வீட்டுக்காரர் சொன்னார்: "சுபநேரம் முடியக் கால் மணித்தியாலம்தான் கிடக்கு. அடுப்பை மூட்டும், பால் காய்ச்சுவம்."

பூச்சு ஒரு நாளாவது காய வேண்டும். ஈரத்தோடு மூட்டினால் வெடித்து, வீட்டுக்குள் புகை கசியும். இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கூடியிருந்த சொந்தக்காரர் முன்னால் 'ஏலாது' என்று சொல்ல வாய் வரவில்லை. விறகை அடுக்கி, தீப்பெட்டியையும் எடுத்துவிட்டேன்.

வீட்டுக்காரரின் மனைவி என் முகத்தைப் பார்த்தார். "அண்ணை, பூச்சு காய்ஞ்சிட்டுதோ? உண்மையைச் சொல்லுங்கோ."

"இல்லைத் தங்கச்சி. இண்டைக்கு மூட்ட ஏலாது."

அவர் கோபிக்கவில்லை. விறகை வெளியே எடுத்துவிட்டு, அடுப்புக்குள் ஒரு துண்டுக் கற்பூரம் வைத்துக் கொளுத்தினார். "நேரத்துக்கு இது காணும். பாலைக் குசினியில காய்ச்சுவம்."

அந்தச் சிறு சுடரின் சூடு பூச்சை எட்டாது. கற்பூரத்தின் கரும்புகை ஓர் இழைகூட அறைக்குள் திரும்பாமல் நேரே மேலே போனது. எல்லோரும் சாமியை நினைத்துக் கும்பிட்டார்கள். நானோ நெஞ்சை நிமிர்த்தி என் புகைக்குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்றும் என் கருவிப் பெட்டியில் சுத்தியலுக்குப் பக்கத்தில் கற்பூரம் இருக்கிறது. 'ஏலாது' என்று சொன்ன பிறகுதான் அதை வெளியே எடுப்பேன்.