சுறா எண்ணெய் குடித்த வண்டி

இயந்திரத்தைப் பிரித்த அன்று காத்திவாக்கத்தில் எங்கள் வலைக் கொட்டகையில் நானும் அக்காள் புருஷனும் இருந்தோம். உள்ளே கால் வைக்க மாட்டேன் என்று வாசலில் அம்மா நின்றிருந்தாள். அப்பா இல்லை, விடியுமுன்பே கட்டுமரத்தில் போயிருந்தார். அண்ணன் இல்லை. முந்தின ஐப்பசியில் கடலுக்குப் போனவன். அவனும் வரவில்லை, அவனுடைய மரமும் வரவில்லை.

யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் போட்ட காலம் அது. மேடு பள்ளத்திலும் மணலிலும் ஓடுவதற்கென்று செய்த சின்ன மோட்டார் சைக்கிள் ஒன்றைத் துறைமுக ஏலத்தில் எடுத்திருந்தோம். உப்புக் காற்றில் கிடந்து இயந்திரம் இறுகிப் போயிருந்தது. உதைகோல்மேல் ஏறி நின்றாலும் அசையவில்லை.

அது ஓடியே ஆகவேண்டும். எண்ணூரில் கட்டிக்கொண்டிருந்த ஓர் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் இடையே காகிதம் கொண்டுபோக ஆள் கேட்டிருந்தார்கள். மாதம் நாற்பத்தைந்து ரூபாய். மோட்டார் வண்டி சொந்தமாக இருக்கவேண்டும். திங்கட்கிழமை காலை வண்டியோடு வந்து நிற்கவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்த வேலை தவறினால் அண்ணன் இடத்தில் உட்கார்ந்து துடுப்புப் போட வேண்டியதுதான். அப்பா அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. கூடுதல் துடுப்பு ஒன்றை மட்டும் மூலையில் சாய்த்து வைத்திருந்தார்.

அக்காள் புருஷன் துறைமுகப் பட்டறையில் ஃபிட்டர். ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்து, சரியாக உச்சிவேளைக்கு வருவார். கை அவருடையது, கண் என்னுடையது. வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை நான் படித்துச் சொல்வேன், அவர் ஸ்பானரைத் திருப்புவார்.

"இன்னா மச்சான், புஸ்தகத்துல இன்னா எய்திகீது?"

"மெதுவா தட்டணுமாம்."

"அத்த எய்தறதுக்கு ஒரு வெள்ளக்காரனா? குட்றா சுத்திய."

இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மரக்கட்டையை வைத்துத் தட்டியதும் பிஸ்டன் முனகிக்கொண்டு கழன்றது. அடிப்பெட்டியைப் பிளந்தபோது உள்ளேயிருந்து மணல் கொட்டியது. எங்கள் கரை மணலில் கறுப்பு ஓடும். இது அரிசி மாவு மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. அக்காள் புருஷன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இது நம்மூரு மண்ணு இல்ல மச்சான். எந்த ஊருல யாரு ஓட்டிகினு இருந்தானோ."

வாசலில் நின்ற அம்மா, "எவன் செத்த எடத்து மண்ணோ, அத்த இங்க கொட்டாதீங்க" என்றாள். நான் அள்ளிக்கொண்டு போய் அலையில் போட்டேன்.

கொருக்குப்பேட்டை பழைய இரும்புக் கடைகளில் தேடிப் புது ரிங்கு, கேஸ்கெட், பிளக் வாங்கிப் பூட்டினோம். பொறி எந்த நேரத்தில் விழவேண்டும் என்று சொல்லும் பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது. அக்காள் புருஷன் கண்ணை மூடி, விரலால் தடவி, ஓர் உத்தேசத்தில் வைத்தார். வியாழக்கிழமை உச்சியில் பதினோராவது உதையில் அது உயிர் பிடித்தது.

சந்தோஷப்படத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் புகை வந்தது. கொழுப்பும் முடியும் சேர்ந்து கருகுகிற வாடை. நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. முகத்துவாரத்தில் கையால் தடவி இறால் பிடித்துவிட்டு வந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் கொட்டகைக்கு எதிரே நின்றார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, "யாரு போனது?" என்று கேட்டார்.

"யாரும் போவல பெர்சு, வண்டிதான்" என்றார் அக்காள் புருஷன். பெரியவர் நம்பவில்லை. துண்டைத் தலையில் கட்டாமலே நடந்தார்.

வெள்ளியும் சனியும் அதே வாடை. அக்கம்பக்கத்தில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அதுவரை உள்ளே வராத அம்மா மட்டும் வந்தாள். புகைக்குழாயின் பின்னால், புகை முழுவதும் மேலே படும்படி, முந்தானையைக்கூட மூக்கில் வைக்காமல் நின்றாள். நான் நிறுத்தப் போனால், "கொஞ்ச நாழி இருக்கட்டும்" என்பாள்.

சனிக்கிழமை, "இன்னாம்மா இது?" என்றேன்.

"அவனுக்குத்தான் நாம நெருப்பே வெக்கலியே" என்றாள்.



ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்ப்பதென்று வண்டியை வெளியே தள்ளினோம். எதிரே பக்கத்து வீட்டுக்காரர் வலையைக் காயப்போட்டிருந்தார். வேடிக்கை பார்க்கக் கூட்டம். உதைத்தேன், கோல் என் காலைத் திருப்பி அடித்தது, ஆனாலும் இயந்திரம் பிடித்துக்கொண்டது. கியரைப் போட்டுக் கிளட்சை விட்டேன். வண்டி பின்னால் போனது.

"படிச்சவன் ஓட்னா அப்டித்தாம்பா! பாடத்தத் திருப்பிப் படிக்கிறான்!" என்று யாரோ கத்த, எல்லாரும் சிரித்தார்கள். நான் கீழே விழுந்தேன். வண்டியும் வலைமேல் சாய்ந்தது. படுத்தபடியே பின்சக்கரம் சுற்றி, வலையைச் சுருட்டிச் சுருட்டி உள்ளே இழுத்தது. சிரிப்பு நின்றுவிட்டது. நான் பாய்ந்து பிளக் கம்பியைப் பிடுங்கினேன். நிற்கவில்லை. கம்பி என் கையில் இருக்கிறது, பொறிக்கு வழியே இல்லை, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, அந்தப் புகையை விட்டுக்கொண்டு. கூட்டம் பின்வாங்கியது. ஒருத்தி குழந்தையின் கண்ணைப் பொத்தினாள். கடைசியில் அக்காள் புருஷன் ஈரச் சாக்கை அதன் காற்று வாயில் அடைத்தார். இரண்டு தரம் விக்கி அடங்கியது.

அன்று சாயங்காலமே மூடியைக் கழற்றினோம். பிஸ்டன் தலையில் அடிப்பிடித்த சோற்றுக் காந்தல்போல் ஒரு விரற்கடை கரி. அதுதான் கனன்றுகொண்டு, பொறியில்லாமலே பெட்ரோலைப் பற்றவைத்திருக்கிறது. அக்காள் புருஷன் கரியைச் சுரண்டி முகர்ந்தார்.

"மீனெண்ணெ. டாங்கில யாரு ஊத்துனது?"

வலை தைத்துக்கொண்டிருந்த அப்பா தலை நிமிரவில்லை. "நான்தான்."

எங்களில் புது மரம் தண்ணீரில் இறங்குமுன் குடும்பத் தலைவன் தன் கையால் சுறா எண்ணெய் பூசவேண்டும்; பூசாத மரத்தில் யாரும் ஏறமாட்டார்கள்.

"மரத்துக்கு மேல பூசலாம். இது இரும்பு. குடிக்கிற வாயி கீது, அதான் வாயில ஊத்துனேன். உங்கண்ணன் அவன் மரத்துக்குன்னு வெச்சிருந்த எண்ணெ. மரந்தான் இல்லியே."

"எவ்ளோ நைனா?" என்று கேட்டேன்.

"முழுசும்தான். அவன்தான் பூசாம போனான், உன்னியும் சும்மா அனுப்பச் சொல்றியா?"

டாங்கைக் கவிழ்த்துக் காலி செய்தோம். பெட்ரோலோடு சேர்த்து ஊற்றுகிற இயந்திர எண்ணெய் வாங்கிக் கலந்தோம். பொறி முந்தி விழுந்துதான் இயந்திரம் தலைகீழாகச் சுற்றியிருக்கிறது; அந்த நேரத்தை மயிரிழை மயிரிழையாகப் பின்தள்ளி, உதைகோல் திருப்பி அடிக்காத இடத்தில் நிறுத்த இருட்டிவிட்டது.

திங்கட்கிழமை காலை முதல் உதையில் வண்டி பிடித்தது. முன்னால்தான் போனது. மெல்லிய நீலப் புகை. பஜாரில் எந்த வண்டியும் விடுகிற புகை. அம்மா வேகமாக வந்து பின்னால் நின்றாள். மூச்சை இழுத்துப் பார்த்தாள். இன்னொரு தரம் இழுத்தாள்.

"அவ்ளோதானா?" என்றாள்.

எட்டு மணிக்கு ஆலை வாசலில் நிற்கவேண்டும். நின்றேன். வேலை கிடைத்தது.

கிழிந்த வலைக்குப் பஞ்சாயத்தார் முப்பது ரூபாய் போட்டார்கள்; மறுபேச்சில்லாமல் கட்டினோம். ஏலத்தில் எண்பத்தைந்து, ரிங்கு கேஸ்கெட் பிளக்குக்குப் பத்தொன்பதரை, பெட்ரோலுக்கும் இயந்திர எண்ணெய்க்கும் நாலு ரூபாய் இரண்டணா. நான் மரத்தில் ஏறாமலிருக்க எங்கள் வீட்டுக்கு ஆனது நூற்று முப்பத்தெட்டு ரூபாய் பத்தணா.